தொட்டி உரம் நாறுவது ஏன்?
காய்கறிக் கழிவைத் தொட்டியில் போட்டு மூடினால் உரமாகிவிடும் என்று வீட்டு உரம் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். அது மட்டும் செய்தால் சில நாளில் நாறத் தொடங்கும். காற்றுப் போகாமல் ஈரம் தேங்குவதுதான் காரணம். தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் துளை வேண்டும். அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு. அதன்மேல் ஒரு கிண்ணம் கழிவு போட்டால் இரண்டு கிண்ணம் காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ போட்டு மூடுங்கள். எடைக்கணக்கு பார்க்க வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாகலாம், தண்ணீர் வடியக் கூடாது. வடிந்தால் இன்னும் சருகு சேர்த்து அடிவரை கிளறுங்கள். குழம்பு, எண்ணெய்ப் பண்டம், மீன் முள் வேண்டாம், எலி வரும். தட்டையான பழுப்புப் புழுக்களைப் பார்த்துப் பயந்து மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள், தயவுசெய்து! அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை.