சொண்டைப் பாருங்கள்
சிங்கராஜக் காட்டு மரங்கொத்தியை 'முதுகு சிவப்பென்றால் அதுதான்' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தென்னையைத் தட்டுகிறதற்கும் முதுகு சிவப்புத்தானே! இரண்டுமே இலங்கைக்கே உரியவை. சொண்டைப் பாருங்கள். காட்டிலுள்ள பெரியதற்கு யானைத்தந்த நிறத்தில் நீளமான சொண்டு, கண்ணும் வெளிறிய மஞ்சள். தோட்டத்துக்கு வருகிற சிறியதற்குச் சொண்டும் கறுப்பு, கண்ணும் இருண்டது. அப்புறம் பேடு என்றால் உச்சந்தலையைக் கவனியுங்கள், பெரியதில் கறுப்பின்மேல் முழுக்க வெள்ளைப் புள்ளி, சிவப்பே இராது, சிறியதில் முன்பக்கம் மட்டும் புள்ளி, பின்கொண்டை சிவப்பு. சிங்கராஜவில் நான் அரை மணித்தியாலம் கழுத்து நோக அண்ணாந்து நின்று பார்த்தது கடைசியில் அந்தச் சிறியதைத்தான், அட்டை கடித்தது மிச்சம்.