பாயின்ட் இடைவெளியைக் கூட்டினால் ஸ்பார்க் கூடுமா?

“பழைய வில்லிஸ் ஜீப்பில் பாயின்ட் இடைவெளியை அகலமாக்குங்கள், ஸ்பார்க் பலமாகும்” என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. நடப்பது நேர்மாறு.

பாயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பகுதி) திறந்து மூடும் சின்ன சுவிட்ச்; அது முழுதாகத் திறந்திருக்கும்போது உள்ள அகலம்தான் இடைவெளி. பாயின்ட் மூடியிருக்கும்போதுதான் காயிலில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் கம்பிச்சுருள்) மின்னோட்டம் ஏறி காந்தப்புலம் உருவாகிறது. பாயின்ட் திறந்ததும் அந்தப் புலம் சரிய, பிளக்கில் பொறி பாய்கிறது. இடைவெளி கூடினால் மூடியிருக்கும் நேரம் குறையும். வேகம் ஏற ஏற காயிலுக்குப் போதிய அவகாசம் கிடைக்காது, எஞ்சின் திக்கும்.

மாற்றியதும் வண்டி துடிப்பாக ஓடியதாகச் சிலர் சொல்கிறார்களே? அதுவும் பொய்யில்லை. இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரமே திறந்து, டைமிங் (பொறி பாயும் நேரம்) தானாக முன்னேறிவிடும். ஏற்கெனவே டைமிங் பின்தங்கியிருந்த வண்டிக்கு அது சுகமாகத்தான் இருக்கும். சரியாக இருந்த வண்டியோ ஏற்றத்தில் ‘டக் டக்’கென்று தட்டும்.

வில்லிஸின் 4 சிலிண்டர் ‘கோ டெவில்’ எஞ்சினுக்குப் பாயின்ட் அளவு 0.020 அங்குலம், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். 0.030 என்பது பிளக் இடைவெளி. குழப்பம் இங்கிருந்தும் வந்திருக்கலாம். முதலில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாயின்ட்டைச் சரிசெய்யுங்கள். அப்புறம்தான் டைமிங்: பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன். இடைவெளியை ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து, பாயின்ட் கருகிவிடும்.