ஃபயர்வாலை அணைத்துவிடச் சொல்கிறார்கள்!

"பார்ஃபெவை அணைத்துவிட்டுப் பாருங்கள், மதாம்." எங்கள் இணைய நிறுவனம் சொல்லும் இந்த வார்த்தையை மூன்று நாளில் நான்கு முறை கேட்டுவிட்டேன். இந்த ஊர் மொழியான கிரியோலில் மூன்று தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை. பார்ஃபெ என்றால் நம் ஃபயர்வால்தான், வெளியிலிருந்து வேண்டாதது கணினிக்குள் புகாமல் காக்கும் தடுப்பு. மொரீஷியஸில் எங்கள் வீட்டு ரவுட்டரும் கணினியும் பிரெஞ்சில்தான் பேசும்.

பக்கத்துத் தீவான ரியூனியனில் இருக்கும் நாத்தனார் மகனும் என் பையனும் விடுமுறையில் சேர்ந்து மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டு ஆட ஆசைப்பட்டார்கள். என் பையன் எங்கள் கணினியில் விளையாட்டின் உலகத்தைத் திறந்துவைப்பான், அவன் அங்கிருந்து வந்து சேர்வான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவனால் உள்ளே நுழையவே முடியவில்லை.

இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் அணைக்கச் சொன்னார்கள். என் கணவரும் அணைத்துப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. அணைத்தும் வரவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோவும் இருக்கிறது என்று அந்த நொடியே தெரிந்திருக்க வேண்டாமா? "அப்படியானால் சரியாக அணையவில்லை, மறுபடி பாருங்கள்" என்கிறார் அந்தப் பையன்!

எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் ஃபயர்வால் இல்லாத கணினி என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தவள். 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு வந்தபோது திருச்சியில் எங்கள் கல்லூரி லேபில் ஒரு மெஷின்கூட மிச்சமில்லாமல் திரையில் 60 விநாடி எண்ணி எண்ணி அணைந்தது. யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை. பிணையத்தில் இணைந்திருந்ததே போதும், 135ஆம் போர்ட் என்ற நுழைவாசல் வழியாகப் புகுந்துவிட்டது. அடுத்த ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்கில்தான் ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி வைத்தார்கள். பட்டுத் தெரிந்துகொண்டு போட்ட கதவு அது. இதே கணினியில்தான் நான் கம்பெனிக் கணக்கு பார்க்கிறேன், வங்கி வழியாகப் பணம் அனுப்புகிறேன். இதைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கச் சொல்கிறார்கள்.

சரி, நம் பக்கம் தவறு இருக்கிறதா என்று நானே உட்கார்ந்து பார்த்தேன். இருந்தது. மைன்கிராஃப்டுக்காக ஃபயர்வால் முதல்முறை அனுமதி கேட்கும்போது திரையில் மைன்கிராஃப்ட் என்று பெயர் வரவில்லை. அதை ஓட்டும் ஜாவா மென்பொருளின் பெயர், 'ஓபன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி' என்று வருகிறது. தெரியாத பெயர் வந்தால் சம்மதிக்காதே என்று பையனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அவன் சமர்த்தாக 'அனுலே'யை அழுத்தியிருக்கிறான். ரத்து செய்தால் அத்தோடு முடிந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இல்லை, ஒரு தடை விதி உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. பின்னால் நாம் அனுமதி விதி எழுதினாலும், இரண்டும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். உள்வரும் விதிகளின் பட்டியலில் சிவப்புக் குறியோடு இரண்டு வரி இருந்தன. அழித்தேன். ரவுட்டரில் மைன்கிராஃப்டுக்கான 25565ஆம் போர்ட்டை அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் திறந்தால் போதும், வீடு முழுவதையும் திறக்க வேண்டியதில்லை. இதை அந்த நான்கு பேரில் ஒருவராவது சொன்னார்களா?

நடுவில் ரோஸ் ஹில் ஊரிலிருந்து ஒரு கணினிக் கடைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் நேர்மாறு. 'பாதுகாப்பு முக்கியம்' என்று ரவுட்டரின் ஃபயர்வாலை உச்சத்தில் வைத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை கும்பகோணத்திலிருந்து அப்பாவின் வாட்ஸ்அப் செய்தி வருகிறது, வீடியோ கால் மட்டும் சேரவில்லை. செய்தி வலைப்பக்கம் போகிற வழியிலேயே போய்விடும். குரலும் படமும் யுடிபி என்ற வேறு வழியில் போகும், அதைத்தான் அவர் அடைத்துவிட்டார். இங்கே ஏழு மணி என்றால் அங்கே எட்டரை, அப்பா தூங்கும் நேரம். பேத்தி முகத்தைப் பார்க்காமலேயே படுத்துவிட்டார். ஒருவர் கதவைக் கழற்றச் சொல்கிறார், இன்னொருவர் சுவர் எழுப்பிவிட்டுப் போகிறார்.

எல்லாம் சரிசெய்த பிறகும் நாத்தனார் மகனால் வர முடியவில்லை. அப்போதுதான் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியை, அதாவது எங்கள் இணைப்புக்கு நிறுவனம் தந்த ஐபி எண்ணைப் பார்த்தேன். 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகளை 2012இல் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதற்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே 430 கோடிக்குள்தான், உலகத்துக்குப் போதவில்லை. அதனால் நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறது. வெளியே போகலாம். வெளியிலிருந்து ஒருவர் நம் வீட்டைத் தேடி வர வழியே கிடையாது. நான் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வீண். தெருமுனையில் பொதுக் கேட்டை அவர்கள் பூட்டி வைத்துக்கொண்டு, என் வீட்டுக் கதவை உடைக்கச் சொல்லியிருக்கிறார்கள்!

நான்காவது முறையும் அணைக்கச் சொன்னதும், எங்களைப் பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். "ஆமாம் மதாம், தனி முகவரிக்கு மாதக் கட்டணம் உண்டு" என்று உடனே பதில் வந்தது. தெரிந்தே இருந்திருக்கிறது! முதல் நாளே சொல்வதற்கு என்ன கேடு?

கட்டணம் கட்டவில்லை. நாத்தனார் வீட்டு இணைப்பில் இந்தச் சிக்கல் இல்லை, அவன் அங்கே உலகத்தைத் திறந்தான், என் பையன் இங்கிருந்து போய்ச் சேர்ந்தான். ஃபயர்வால் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, அப்பாவின் வீடியோ காலும் வருகிறது. ஆனால் என் புகாரை 'வாடிக்கையாளரின் ஃபயர்வால் கோளாறு' என்று எழுதி மூடியிருக்கிறார்கள். அதைத் திருத்தி எழுதும்வரை நான் போன் செய்துகொண்டேதான் இருப்பேன்.