அஞ்சாவது பார்ல விழுந்த "அட ச்சே"

"ஒரு டேப்லெட் போதும் தம்பி, எதுக்கு இத்தன பெட்டி?" இதை இன்னொரு ஆள் சொல்லட்டும். ஜனவரி மாசம், ராத்திரி எட்டு மணி, குன்னூர்ல ஒரு ஈரப் புல்வெளி. அங்க அவரை ஸ்வெட்டரோட உக்கார வெச்சு, மடியில கிதாரைக் குடுத்து, "இந்தக் கண்ணாடியத் தொட்டு சரியா சமத்துல லூப்ப மூடுங்க பாக்கலாம்"னு சொல்லணும். (லூப்புன்னா வாசிச்சதப் பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட விடுற துண்டு. மூடுறதுன்னா பதிவ அங்க முடிக்கிறது. சமம்னா தாளத்தோட முதல் அடி.) மூடிட்டா, இருக்கிற கால் பெடல் அத்தனையும் காட்டேரி அருவியில கொண்டுபோய்ப் போட்டுடலாம்.

சனிக்கிழமை நடந்த கூத்து தெரியும்ல? தெரியாட்டியும் பரவால்ல, உங்க ஊர்லயும் இதேதான் நடந்திருக்கும்.

காட்டேஜ் முற்றம், நடுவுல கேம்ப் ஃபயர், சுத்தி நாப்பது பேர். கிதாரோட ஒரு பையன், ஒரு மைக், மைக் ஸ்டாண்டுல கிளாம்ப் போட்டு மாட்டுன டேப்லெட். கால் பெடல் மட்டும் மேட்டுப்பாளையத்துலயே நின்னுடுச்சு. கார் டிக்கியில பார்பிக்யூ அடுப்பு ஏத்தணுமாம். நிகழ்ச்சி நடத்துற அண்ணன் முடிவு பண்ணிட்டாரு. "ஏனுங் தம்பி, எல்லாம் இதுக்குள்ளயே இருக்குதுல்ல?" இருக்குதுங்ணா. விரலைத் தவிர எல்லாமே இருக்குது.

கணக்கப் பாருங்க. வேகம் நிமிஷத்துக்கு 90 அடி. ஒரு அடிக்கு 0.667 செகண்ட், ஒரு பாருக்கு, அதாவது நாலு அடிக்கு, 2.67. நாலு பார் லூப்புன்னா 16 அடி, ஆதி தாளத்துல ரெண்டு ஆவர்த்தனம், 10.67 செகண்ட். பாருக்கு ஒரு கார்டு: சி, ஏ மைனர், எஃப், ஜி. பச்சக் குழந்தைக்கும் தெரிஞ்ச வரிசை. க்வான்டைஸ் ஆன்ல இருக்கு. அதாவது பார் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தட்டுனா போதும், சரியா பார் முடியற இடத்துல ஆப்பே மூடிக்கும்.

இப்ப மெதுவா ஓட்டுவோம்.

நாலாவது பார், மூணாவது அடி. வலது கை தந்தியில இருக்கணும். ஆனா கண்ணாடி நெஞ்சு உயரத்துல, ஒரு முழம் தள்ளி இருக்கு. கை தந்திய விட்டுட்டு அங்க போகுது, ஜி கார்டு அங்கயே பாதியில செத்துப் போகுது. ஆள்காட்டி விரல் பட்டனைத் தொடுது. ஒண்ணும் நடக்கல.

ஏன் நடக்கல? விரல் எவ்ளோ பலமா அழுத்துதுங்கறது கண்ணாடிக்குத் தெரியவே தெரியாது. அடியில இருக்கிற மின்கட்டத்துல விரல் வந்தா ஏற்படுற சின்ன மின்மாற்றத்தத்தான் அது அளக்குது. குளிர்ல விரல் நுனி வறண்டு விறைச்சிருக்கு, தொடுறதும் ஊசிமுனை அளவுதான். மாற்றம் குறிச்ச அளவைத் தாண்டலைன்னா கண்ணாடியப் பொறுத்தவரைக்கும் அங்க விரலே வரல. ஓங்கிக் குத்துனாலும் வராது. குத்துனா கிளாம்ப்தான் ஆடும்.

நாலாவது அடி. பையன் பதறி இடது கையில தட்டுறான். கிதார் வாசிக்கிறவன் இடது கை விரல் நுனி எப்படி இருக்கும்? காய்ப்புக் காய்ச்சு, செருப்புத் தோல் மாதிரி. இதுக்கும் அசையல. ரெண்டு கையும் இப்ப கிதார விட்டுப் போயிடுச்சு, ரெக்கார்டு மட்டும் நல்ல பிள்ளையா ஓடிட்டே இருக்கு.

மூணாவது தட்டு ஏறுச்சு. ஆனா சமம் தாண்டி 0.4 செகண்ட் ஆயிடுச்சு. க்வான்டைஸ் மகராசன் என்ன பண்ணுவான்? "ஓ, அஞ்சாவது பார் கடைசியில மூடணுமா, சரிங்க சாமி"ன்னு காத்திருக்கான். காத்திருக்கிறத நமக்குச் சொல்றதுக்கு ஓரத்துல கடுகளவு ஒரு புள்ளி மினுக்குது. நெருப்பு வெளிச்சம் கண்ணாடியில அடிக்கிறப்ப அது யார் கண்ணுக்குத் தெரியும்? பையன் நாலாவது தடவையும் தட்டுறான், "அட ச்சே"ன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே. நாலாவது தட்டை ஆப் அடுத்த ஆர்டரா எடுத்துக்குது: லூப்ப மூடின கையோட ஓவர்டப், அதாவது பதிஞ்சது மேலயே இன்னும் பதியறது.

ஆச்சா? நாலு பார் லூப் இப்ப அஞ்சு பார், 13.33 செகண்ட். அஞ்சாவது பார்ல கிதார் கிடையாது. நகம் கண்ணாடியில படுற "டொக், டொக்", மூக்க உறிஞ்சுற சத்தம் ஒண்ணு, அப்புறம் சுத்தமான ஸ்டுடியோ தரத்துல "அட ச்சே". 13.33 செகண்டுக்கு ஒரு தடவ.

சி. ஏ மைனர். எஃப். பாதி ஜி. அட ச்சே.

ஓவர்டப் ஆன்ல இருக்கு, மைக் திறந்திருக்கு. ரெண்டாவது சுத்துல முன்வரிசை அக்கா சிரிச்சது ஏறுச்சு. மூணாவது சுத்துல அண்ணனோட "என்னாச்சுங் தம்பி?" ஏறுச்சு. நாலாவதுல கீழ்த் தோட்டத்து நாய். போதாததுக்கு ஸ்பீக்கர் சத்தமும் மைக்குக்குள்ள போகுது, ஒவ்வொரு சுத்தும் போன சுத்தோட நகலை மேல மேல பூசுது. ஆறாவது சுத்துல கிதாரே காணோம், குகைக்குள்ள நாப்பது பேர் சேர்ந்து "அட ச்சே" சொல்ற மாதிரி ஒரு பெருங்கோரஸ். ஒருத்தர் கை தட்டுனாரு, பாட்டே அதுதான்னு நினைச்சு.

நிறுத்திடலாம்ல? நிறுத்தலாமே! அன்டூவும் க்ளியரும் பக்கத்துப் பக்கத்துல, ரெண்டும் சுண்டுவிரல் நகம் அளவு. அதுக்குள்ள பனிமூட்டம் இறங்கி கண்ணாடி மேல முத்து முத்தா தண்ணி. கண்ணாடிக்குத் தண்ணியும் விரலும் ஒண்ணுதான். யாரும் தொடாமலே ரெவர்ஸ் பட்டன் தானா ஆன் ஆச்சு. "ச்சே டஅ." பையன் ஸ்வெட்டர் கையால கண்ணாடியத் துடைச்சான், நாலு விரலும் சேர்ந்து பட்டுச்சு, நாலு விரல் இழுத்தா அடுத்த ஆப்புக்குத் தாவும்ல, தாவிடுச்சு. திரையில டாக்ஸி ஆப். லூப் பின்னாடி ஜாம்ஜாம்னு ஓடுது. அவன் கண்ணுக்கு முன்னாடி "எங்கே போகணும்?"னு ஒரு கட்டம். நியாயமான கேள்விதான்.

பத்து சுத்து. 133 செகண்ட். கடைசியில காப்பாத்துனது யாரு? சவுண்ட் மிக்ஸர்ல உக்காந்திருந்த அண்ணன். ஃபேடரைக் கீழ இழுத்தாரு, சத்தம் கீழ வந்துச்சு. பத்து செமீ பள்ளத்துல மேலயும் கீழயும் ஓடுற பிளாஸ்டிக் குமிழ். அதுக்கு குளிரும் தெரியாது, பனியும் தெரியாது. இழுத்தா வரும்.

இப்ப அறிவாளிங்க வரிசையா வருவாங்க. "க்வான்டைஸ ஆஃப் பண்ணியிருக்கலாமே." பண்ணியிருந்தா லூப் 11.07 செகண்ட், ஒவ்வொரு சுத்துலயும் சமம் நொண்டும், நொண்டிக்குதிரை மேல பாடணும். "டச் கிளவுஸ் கிடைக்குதே." கிளவுஸ் போட்டு கிதார் வாசிச்சுக் காட்டுங்க சாமி, டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கறோம். "புது மாடல் செகண்டுக்கு 120 தடவ விரலத் தேடும்." தேடட்டும். 8.3 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா தேடி, ஒவ்வொரு தடவையும் "விரல் இல்ல"ன்னு அதிவேகமா முடிவு பண்ணும். வேகத்துல யாருக்கும் குறை கிடையாதுங்க. பஃபர், அதாவது ஆப் சேத்து வெச்சு அனுப்புற ஒலித் துண்டு, 256ன்னு வெச்சா சுமார் 5.8 மில்லிசெகண்ட் தாமதம், அது யார் காதுக்கும் உறுத்தாது. 1983ல வந்த மிடி கேபிள், வாத்தியத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல கட்டளை கொண்டுபோறது, அஞ்சு ஊசி பிளக், செகண்டுக்கு 31,250 பிட்தான், அதுலயே ஒரு கட்டளை 1 மில்லிசெகண்டுக்குள்ள போய்ச் சேந்துடும். விரல் பட்டுச்சா இல்லையான்னு விரலுக்கே தெரியலைங்கறதுதான் இங்க வியாதி.

மிருதங்கக்காரர் ஒவ்வொரு அடிக்கும் குனிஞ்சு கரணை, அந்தக் கறுப்பு வட்டம், எங்க இருக்குன்னு தேடுனா எப்படி இருக்கும்? அவர் கைக்குத் தெரியும், ஏன்னா அங்க மேடு இருக்கு, ஓரம் இருக்கு, தோல் மாறுது. கண்ணாடியில எல்லாமே ஒரே வழுவழு. ரெக்கார்டும் வழுவழு, க்ளியரும் வழுவழு. கால் சுவிட்ச்னா, தாளம் போடுற அதே கால்தான் அழுத்துது. ஸ்பிரிங் எதிர்க்குது, "க்ளிக்"னு பாதத்துல தெரியுது, ரெண்டு கையும் தந்தியிலயே இருக்கு. ஜி கார்டு முழுசா சாகுது, மரியாதையா.

அதுக்காக, பெடல் வாங்கி சொருகுனா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. சுவிட்ச் அழுத்துறப்ப 127, விடுறப்ப 0ன்னு ரெண்டு சேதி அனுப்பும். ஆப் ரெண்டையும் கட்டளையா எடுத்துக்கிட்டா, அழுத்துனா ரெக்கார்டு, காலை எடுத்தா மூடிடும், 0.3 செகண்ட் லூப் "டர்ர்ர்ர்"னு ஓடும். 127க்கு மட்டும் அசையற மாதிரி மாத்தணும். பெடலை டாகிள்ல, அதாவது ஒரு மிதிக்கு 127, அடுத்த மிதிக்கு 0ன்னு விட்டிருந்தா நோய் நேர்மாறு, ரெண்டு தடவ மிதிச்சா ஒரு தடவதான் வேலை செய்யும். ஆப்போ பெடலோ, எதுன்னாலும் வரிசையை ரெக்கார்டு, ப்ளே, ஓவர்டப்னு வெச்சுக்குங்க. ரெக்கார்டு முடிஞ்ச உடனே ஓவர்டப்புக்குப் போற வரிசைதான் சனிக்கிழமை நாய்க்கு வாய்ப்புக் குடுக்கும். க்ளியரை வலது கோடியில தள்ளி வெச்சு, நடுவுல ஒரு சுவிட்ச சும்மா விடுங்க. மலையில எல்லாரும் கம்பளி சாக்ஸ் மேல தடி பூட்ஸ் மாட்டிட்டுத்தான் நிப்பாங்க, ஒரு மிதிக்கு ரெண்டு சுவிட்ச் அமுங்கும். ரெண்டு சுவிட்ச் ஒரே ஜாக்ல போகுதுன்னா ஸ்டீரியோ கேபிள்தான், பிளக்குல ரெண்டு கறுப்பு வளையம் இருக்கும். ஒத்த வளையக் கேபிள் சொருகிட்டு, ரெண்டாவது சுவிட்ச் செத்துப் போச்சு, கம்பெனி மோசம்னு திட்டுறவங்க இன்னிக்கும் இருக்காங்க. பனி விழுந்த மரத் தரையில பெடல் வழுக்கிட்டு ஓடும், அடியில நனைச்சுப் பிழிஞ்ச சாக்கு ஒண்ணு போடுங்க. 

டேப்லெட் வேண்டாம்னு யாரும் சொல்லல. பாக்கறதுக்கு அருமையான சாமான். லூப் எங்க ஓடுது, எந்த டிராக் ஊமை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்கு மட்டும் வெச்சுக்குங்க. மேடைக்கு ஏறறதுக்கு முன்னாடி ஏரோப்ளேன் மோட், தானா அணையறத நிறுத்துங்க, வேற ஆப்புக்குத் தாவாம பூட்டுற வசதி பெரும்பாலான டேப்லெட்ல இருக்கு, அதையும் போடுங்க. மின்சாரம் குடுக்கிற ஹப் வழியா பெடலை மாட்டுங்க. நடுப் பாட்டுல "இந்தச் சாதனம் அதிக மின்சாரம் கேட்குது"ன்னு திரை முறைச்சா, அந்த நேரம் அதுக்குப் பதில் சொல்ல கை கிடையாது.

சரி, ஞாயித்துக்கிழமை மானத்தக் காப்பாத்த ஊட்டியில இருந்து ஒரு நல்ல லூப் பெடல் இரவலா வந்துச்சு. இரும்புப் பெட்டி, கையில தூக்குனா கனம், பாத்தாலே கும்பிடத் தோணும். அடாப்டர் வரல. "இதுதானுங்?"னு ஒரு தம்பி எங்கயோ ஓடிப்போய் ஒண்ணு கொண்டு வந்தான். ஓட்டை கச்சிதமா பொருந்துச்சு. எல்லாரும் கும்பிட்டு மிதிச்சோம். லைட்டு எரியல. பெடலுக்கு வேணுங்கறது 9 வோல்ட், நடு ஊசி மைனஸ். வந்தது 12 வோல்ட், நடு ஊசி ப்ளஸ், காட்டேஜ் வைஃபை ரூட்டரோடது. பெடலும் எரியல, வைஃபையும் போச்சு, நாலு ரூம்ல இருந்து ஆள் எட்டிப் பாத்துட்டாங்க. சரியான அடாப்டர் கிடைக்கறப்ப மணி பத்தாக ரெண்டு நிமிஷம். பத்துக்கு மேல ஸ்பீக்கர் கூடாது, சட்டம். அந்த ரெண்டு நிமிஷத்துல அந்தப் பையன் நாலு பார் லூப் ஒண்ணு போட்டான் பாருங்க. சி, ஏ மைனர், எஃப், முழு ஜி. சமத்துல மிதிச்சான், மூடுச்சு. உடனே நாப்பது பேரும் ஒரே குரல்ல, தாளம் தப்பாம: "அட ச்சே!"

சிரிக்காம என்ன பண்றது.

ஆனா ஒண்ணு சொல்லுங்க. சுத்தி நாலு பக்கமும் தேயிலைத் தோட்டம், தேயிலை ஏலம் நடக்கிறதே குன்னூர்ல. அப்படி ஊர்ல உக்காந்துக்கிட்டு, பால் பவுடர் கலக்கின வெந்நீர்ல நூல் கட்டுன பைய முக்கி எடுத்து, "டீ, அறுபது ரூபாய்"ங்கறாங்களே. இத யாருங்க கேக்கறது?