ஃபோர்டு சொல்லாமல் விட்டது

ஒரு கம்பெனி வாயைத் திறக்காதபோது அதன் பதிலை நாமே எழுதிக்கொள்கிறோம், அதுவும் நமக்குப் பிடித்த மாதிரி. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் இருக்கும் ஃபோர்டு கார் ஆலை விஷயத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

2021 பிறக்கும்போது மஹிந்திராவோடு பேசிவைத்திருந்த கூட்டு முறிந்தது. அப்புறம் எட்டு மாதம், இங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்று உறுதியாக ஒரு வார்த்தை இல்லை. செப்டம்பர் 9-ம் தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்றார்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டப் பட்டியலில் ஃபோர்டு பெயர் வந்ததும், மின்சார கார் செய்து ஏற்றுமதி பண்ணுவார்கள் என்று மறுபடி நம்பிக்கை. மே மாதத்தில் அதையும் கைவிட்டார்கள். ஜூலையோடு கடைசி காரும் வெளியே போய்விட்டது.

குஜராத்தின் சாணந்த் ஆலையை டாடாவுக்கு விற்றவர்கள் சென்னை ஆலையை மட்டும் விற்கவில்லை. அது நல்ல அறிகுறிதான், அதை நான் இப்போதும் சொல்வேன். ஆனால் அதற்கு மேல் ஃபோர்டின் எண்டவர் கார் வருகிறது, வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்த ஒவ்வொரு துணுக்கையும் கோர்த்து ஒரு முழுக் காரையே நாம் கட்டி முடித்துவிட்டோம். 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தபோதும், அதில் ஏற்றுமதிக்காக என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், எந்த மாடல், எந்த வருடம், எத்தனை கோடி என்று சொல்லாமல் விட்டதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவனிக்க வேண்டியது அதைத்தான். கார் நிஜமாகவே வருவதாக இருந்தால் கார் பாகங்களுக்கான அச்சு (டை) செய்கிறவர்களுக்கும் உதிரிபாக வெண்டர்களுக்கும் முன்கூட்டியே ஆர்டர் போயாக வேண்டும், அதை ரகசியமாக வைத்திருக்க முடியாது.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, 2025 அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம் போட்டார்கள். 3,250 கோடி ரூபாய், 600 பேருக்கு மேல் வேலை, 2029-ல் உற்பத்தி. செய்யப்போவது என்ஜின், கார் இல்லை.

போட்டி, வரி, பங்குச் சந்தை என்று கம்பெனி பேசாமல் இருக்க ஆயிரம் காரணம் இருக்கும், சரி. எனக்கு ஆறாதது, 2022-ல் இழப்பீட்டுப் பணம் வாங்கிக்கொண்டு வெளியேறிய தொழிலாளிகள் விஷயம்தான். திரும்பக் கூப்பிடுவார்களா என்று யாரிடம் கேட்பார்கள்? அந்த 600 வேலையில் பழைய ஆட்களுக்கு எத்தனை என்று அரசாவது கேட்டு வாங்கி, இப்போதே வெளியே சொல்ல வேண்டும். 2029 வரை அவர்களையும் ஊகத்திலேயே விட்டுவிடக் கூடாது.