தாய் எலி நக்குவதால் மரபணு மாறுகிறதா?

"அதிகம் நக்கும் தாயிடம் வளரும் எலிக்குட்டியின் மரபணுவே மாறிவிடும், அது ஆயுளுக்கும் நிரந்தரம்" என்று சிலர் எழுதுவதில் இரண்டு பாதியுமே தவறு.

டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறுவதில்லை. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதிச் செல்களில், குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பிக்கான (பதற்ற ஹார்மோனை உணரும் புரதத்துக்கான) மரபணுவின் இயக்கப் பகுதியில் ஒட்டியுள்ள மெத்தில் குறிகள்தான் (மரபணுவை அடக்கிவைக்கும் வேதிக் குறிகள்) மாறுகின்றன. பிறந்தபோது, அதிகம் நக்கும் தாயின் குட்டி, குறைவாக நக்கும் தாயின் குட்டி என்ற இரு வகைக் குட்டிகளிடமும் அந்தக் குறிகளில் வேறுபாடு இல்லை. முதல் வாரத்தில்தான் பிரிகின்றன. குறி குறைந்தால் ஏற்பி பெருகும். அப்போது 'கார்ட்டிகோஸ்டிரோன் (எலியின் பதற்ற ஹார்மோன்) போதும்' என்ற செய்தி மூளைக்கு விரைவாக எட்டி, பதற்றம் சீக்கிரம் அடங்கும்.

நிரந்தரம் என்பதும் சரியல்ல. ஆய்வாளர்கள் மைக்கேல் மீனி, மோஷே ஸைஃப் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்துவிட்ட எலிகளின் மூளைக்குள் ட்ரைக்கோஸ்டாட்டின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தியபோது இந்த வேறுபாடு மறைந்தது.

இது பிறப்பா வளர்ப்பா என்று பிரித்துக் காட்டியது குட்டிகளை மாற்றி வளர்க்கும் சோதனை. பிறந்த 12 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். ஓர் ஈற்றில் இரண்டு குட்டிகளுக்கு மேல் மாற்றினால் தாயின் நடத்தையே மாறக்கூடும், முடிவை நம்ப முடியாது. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்து, அதிகம் நக்கும் தாயிடம் வளர்ந்த பெண்குட்டி, பின்னர் தானும் அதிகம் நக்கும் தாயாகிறது.

தயவுசெய்து குறைவாக நக்கும் எலிகளை 'கெட்ட தாய்' என்று எழுதாதீர்கள். இரு வகைத் தாய்களும் குட்டிகளோடு இருக்கும் மொத்த நேரம் ஏறத்தாழ ஒன்றுதான்.