தேங்காய் நிமிர்ந்தது சரி, தோற்றால் யார் பொறுப்பு?

காரைக்குடிப் பக்கம் யார் வீடு கட்ட ஆரம்பித்தாலும் கொத்தனாருக்கு முன்னால் வருகிறவர், போர் போட இடம் சொல்ல நிலத்தடி நீரோட்டம் பார்க்கிறவர்தான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனையில் நடப்பார், ஓர் இடத்தில் தேங்காய் குடுமியோடு நிமிர்ந்து நிற்கும், அங்கே ஒரு செங்கல்லை வைத்து "இதான் பாயிண்ட்" என்பார். சொந்தக்காரர் மனையில் அப்படி ஒருவரிடம் கேட்டேன்: "இங்க தண்ணி வரலைன்னா உங்க முறை தப்புன்னு ஒத்துக்குவீகளா அண்ணே?"

"அதெப்படி தம்பி, வரலைன்னா போர் வண்டிக்காரன் சாச்சுப் போட்டிருப்பான். இல்லைன்னா தீட்டோட யாராச்சும் மனைக்குள்ள வந்திருப்பாக."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பிரச்சினை தேங்காயில் இல்லை, இந்தப் பதிலில்தான். வந்தால் அவர் கெட்டிக்காரர், வராவிட்டால் வண்டிக்காரன் மேல் பழி, ஆக அவர் தோற்கவே வழியில்லை. ஐன்ஸ்டைன் என்ன செய்தார்? சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி 1.75 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்) வளையும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார், 1919 சூரிய கிரகணத்தில் அவ்வளவு வளைந்திருக்காவிட்டால் மாட்டியிருப்பார். தத்துவவாதி கார்ல் போப்பர் அறிவியலுக்கு இதைத்தான் அடையாளமாகச் சொன்னார். எது நடந்தால் நான் தோற்றேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"ஆனா நிறைய இடத்துல வந்திருக்கே?" என்பீர்கள். வரும். நிலத்தடி நீர் பெரும்பாலும் ஓடையாக ஓடுவதில்லை, மணற்கல்லின் இடுக்குகளில் பஞ்சில் ஊறினாற்போலப் பரவிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் செங்கல்லைத் தள்ளி வைத்துத் தோண்டினாலும் தண்ணீர் வந்திருக்கும், ஆனால் தள்ளித் தோண்டிப் பார்க்க யார் காசு செலவழிப்பார்கள்? தேங்காய் நிமிர்வதும் ஏமாற்று இல்லை, கையின் தசை நமக்கே தெரியாமல் லேசாக அசைகிறது, அவரும் அதை மனதார நம்புகிறார்.

1987, 88-ல் ஜெர்மனியின் மியூனிக் அருகே நீரோட்டம் பார்க்கிறவர்களை ஒழுங்காகச் சோதித்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைக்க, மேல்தளத்தில் நடந்து அது எங்கே என்று சொல்ல வேண்டும். தேறியவர்களாகப் பொறுக்கியெடுத்த 43 பேர், 843 சோதனைகள். சிலருக்கு நிஜமாகவே திறமை இருக்கிறது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்! 1999-ல் ஜிம் என்ரைட் என்பவர் அதே புள்ளிவிவரத்தை எடுத்து மறுபடி கணக்குப் பார்த்தார். 10 மீட்டர் நீளத்தில் எப்போதும் நடுவைக் காட்டிவிட்டுப் போகிறவரைவிட, இருப்பதில் கெட்டிக்காரரும் சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் கிட்டத்தில் இருந்தார். என்னைக் கவர்ந்தது அந்த 4 மில்லிமீட்டரைவிட, ஒருவர் கணக்கை இன்னொருவர் பிரித்துப் பார்க்க முடிந்தது என்பதுதான்.

இதை வைத்துப் பழையதெல்லாம் பொய், கோட்டு போட்டவர் சொன்னால் மெய் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிய கொத்தனார் யாரும் காரைக்குடி சிக்ரிக்குள் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) போய்ப் படித்தவர் இல்லை. கலவை வெடித்தால் நாள் நட்சத்திரத்தைத் திட்டாமல் அடுத்த கலவையை மாற்றினார், கை வைத்தால் வழுக்குகிற சுவர் அப்படி வந்ததுதான். மறுபக்கம், நிலத்தில் கம்பி ஊன்றி மின்தடை அளந்து தண்ணீர் தேடுகிற கருவிக்காரரும் தவறுவார். தவறியதைக் குறித்து வைத்து அடுத்த முறை திருத்தினால் சரி, அவரும் சாக்குச் சொன்னால் தேங்காய்க்குப் பதில் மீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். (அப்புறம், "அதிர்வலை", "குவாண்டம்" என்று போட்டு வருகிற வாட்ஸ்அப் பதிவுகளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.)

போர் போடப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். எத்தனை அடியில், எத்தனை இஞ்சுத் தண்ணீர் என்று வண்டி வருவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்கிறவரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணைக் கட்டி, மனையை நாலு சுற்றுச் சுற்றவிட்டு, மறுபடி தேங்காயைக் கையில் கொடுங்கள். அதே செங்கல்லில் வந்து நின்றால் எனக்குப் போன் பண்ணுங்கள், அவருடைய கூலியை நான் தருகிறேன்.